தறியை நிறுத்திய பரீட்சை

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் என் தூக்கத்தைக் கெடுத்தது பாடம் இல்லை, என் மாமா. இன்று நினைத்தாலும் எரிகிறது.

அம்மாவின் தம்பி அவர். திருப்பதியில் ஒரு கோச்சிங் காலேஜ் ஹாஸ்டலில் வார்டன். விடியுமுன் பிள்ளைகளை எழுப்பி உட்காரவைப்பதுதான் வேலை. நகரியில் எங்கள் வீட்டுக்கு லீவு போட்டு வந்து தங்கியவர், கூடத்தை ஒட்டிய அறையில் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இந்த சத்தத்துல கொழந்த எப்டிக்கா படிக்கும்? பரிட்ச முடியற வரைக்கும் சாயந்தரம் ஆனா தறி ஓடக் கூடாது."

வீட்டில் டிகிரி படித்தவர் அவர் ஒருவர்தான். நைனா மோட்டாரை நிறுத்தினார். பக்கத்து வீட்டாரும் பெரிய மனசு பண்ணி நிறுத்தினார்கள்.

நான் பிறந்ததிலிருந்து அந்தத் தடதடப்பில் தூங்கியவள். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் தொட்டில் குழந்தை விழித்து அழும். இது தெரியாதவர்கள் யாரும் இல்லை. பரீட்சை என்றதும் எல்லாருக்கும் மறந்துபோனது.

முதல் நாளே தூக்கம் வரவில்லை. பல்லி கத்துவதெல்லாம் கேட்டது. சில நாளில் கண்ணில் மணல் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. பள்ளியில் வைத்த மாதிரிப் பரீட்சையில் ஒரே கணக்கை இரண்டு முறை போட்டு, இரண்டு விடை எழுதிவைத்தேன். இப்படிப் போனால் ஃபெயில்தான் என்றார் வாத்தியார்.

"எனுக்குத் தூக்கமே வரல மாமா. தறிய ஓட்டச் சொல்லு."

"வரலன்னா நல்லதுதான? எங்க ஹாஸ்டல்ல பசங்க மூஞ்சில தண்ணி அடிச்சிக்கினு படிக்கறாங்க. உனுக்கு ஓசில கெடச்சிகீது. படி."

அம்மா இன்னும் மோசம். என் பெண் கண்ணையே மூடுவதில்லை என்று குழாயடியில் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

கணக்குப் பரீட்சைக்கு முந்தைய நாள் பொழுது சாய்ந்தபோது ஒரு ஃபார்முலாகூட மண்டையில் நிற்கவில்லை. புத்தகத்தை மூடினேன். நேரே போய் ஸ்விட்சைப் போட்டு, பாவில் கொஞ்சம் நூல் மிச்சமிருந்த தறியின் கைப்பிடியை இழுத்தேன். வீடே அதிர்ந்தது.

மாமா ஓடி வந்தார். "ஏய், பைத்தியமா உனுக்கு? நிறுத்துடி!"

"நிறுத்த மாட்டேன். நான் தூங்கணும். வோணும்னா நீ போயி எழுது பரிட்ச."

அவர் கை ஸ்விட்சுக்குப் போனது. அதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத நைனா குறுக்கே வந்து நின்றார்.

"உட்ரா மச்சான். தூங்கட்டும்."

அங்கேயே நூல் மூட்டைமேல் சாய்ந்தேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

விடிந்து கண் விழித்தபோது தலை தெளிவாக இருந்தது. அன்று ஒரு கணக்கையும் விடவில்லை, அது வேறு. தறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதில் ஓர் இழை நூல் இல்லை. பாவு எப்போதோ தீர்ந்திருந்தது. குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவும் கழற்றிக் கீழே வைக்கப்பட்டிருந்தது. நாடா இல்லாத தறி தானாக நின்றுவிடும். அது நிற்காதபடி நைனா கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

எனக்குக் கோபம் வந்தது.

"நூலே இல்லாத தறிய இன்னாத்துக்கு நைனா ஓட்டிக்கினு கீற? கரண்ட்டுதான் தண்டம்" என்று கத்திவிட்டுக் குளிக்கப் போனேன்.