மேலுக்கு முடியலை

எங்கள் பக்கத்தில் உடம்பை மேல் என்று சொல்வோம். காய்ச்சல் என்றால் மேல் சுடும். தலையை நனைக்காமல் குளித்தால் மேலுக்குக் குளித்தோம் என்போம். சுகமில்லை என்றால் மேலுக்கு முடியலை. இருபத்திரண்டு வயதிலிருந்து என் வாயில் அதிகம் புழங்கிய பேச்சு அதுதான். சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துப்போனது, கேட்டவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய.

தேவகோட்டையில் பிறந்து, அறுபதுகளின் நடுவில் காரைக்குடியில் வாழ்க்கைப்பட்டேன். மாமனார் இல்லை. மாமியார், மூத்த மகன், அவர் மனைவி, அப்புறம் நாங்கள். என் வீட்டுக்காரர் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். நல்ல மனுஷர். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டார் என்பதைத் தவிர அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் மகனையும் மருமகளையும் வேறு வைத்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் ஏதோ சண்டை போட்டுப் பிரித்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அதே வீடு, அதே கிணறு, அதே வாசல், அடுப்பு மட்டும் வேறு. நல்ல நாள் பார்த்து மாமியாரே அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் எடுத்துவைத்துப் பால் காய்ச்சச் சொல்வார். அன்றிலிருந்து உன் சோறு உன் பாடு. அந்த அடுப்பு எரிகிற வரைக்கும்தான் நீ அந்த வீட்டில் ஒரு குடும்பம்.

எனக்கு வீட்டின் பின்பக்கம், இரண்டாங்கட்டு ஓரத்தில் ஒரு சின்ன அடுப்படி கிடைத்தது. முதல் நாள் நான் வைத்த குழம்பு உப்புக் கரித்தது, வீட்டுக்காரர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். எனக்கோ உலகத்தையே ஆள்கிற மாதிரி இருந்தது. என்ன சமைக்க, எப்போது சமைக்க, வந்தவர்களில் யாரை உட்காரவைத்துச் சோறு போட, எல்லாம் நான் வைத்ததுதான் சட்டம்.

மகள் பிறந்து நாலைந்து மாதம் இருக்கும். ஒரு நாள் காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கவில்லை. குளிர் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. பிறகு மணிக்கட்டு வீங்கியது, அப்புறம் முழங்கால். வலி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கை என் பேச்சைக் கேட்காமல் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் அறைக் கதவின் சாவி ஒரு சாண் நீளம். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆளே திரும்பினால்தான் பூட்டு திறக்கும். தலைமுடியை அள்ளி முடியக் கை மேலே போகாது. பிள்ளையை இடுப்பில் வைக்க வலுவில்லாமல், கூடையை மாட்டுகிற மாதிரி முழங்கையில் மாட்டித் தூக்குவேன். ஒரு தீபாவளிக்கு எண்ணெய் காய்ந்து புகைகிறது, தேன்குழல் அச்சை என்னால் அழுத்த முடியவில்லை, அச்சைக் கையில் பிடித்தபடி அழுதேன். தேன்குழலுக்கு யாராவது அழுவார்களா? நான் அழுதேன்.

அக்கம்பக்கத்தில் சொன்ன வைத்தியம் எல்லாம் பார்த்தோம். முடக்கத்தான் கீரையை ரசம் வைத்து, அடையில் போட்டு, தோசை மாவில் கலந்து, கடைசியில் என் மேலெல்லாம் அந்தக் கீரை வாடைதான். வீட்டுக்காரர் மதுரைக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினார். அவர் என் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது போகாதும்மா, கூடவே இருக்கும், நாமதான் அனுசரிச்சுப் போகணும் என்றார். புதுப்பெண்ணிடம் மாமியாரைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி வரும்போது, பஸ் திருப்பத்தூர் தாண்டிய பிறகுதான் அழுகை வந்தது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே என் கையை எடுத்துத் தன் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். எனக்கு வலிக்கும் என்று அழுத்தாமல் வைத்துக்கொண்டார். அந்த ஒன்றுக்காகவே அவரை மறுபடியும் கட்டிக்கொள்ளலாம்.

இந்த நோயில் ஒரு சூது இருக்கிறது. காலையில் மேலெல்லாம் கட்டையாகக் கிடக்கும். வெயில் ஏற ஏற மூட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். மத்தியானம் தாண்டிவிட்டால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. காலையில் நான் படுகிற பாட்டை யார் பார்த்தார்கள்? சாயங்காலம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு விசேஷ வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஊர் பார்க்கும். அப்புறம் எனக்கு மேலுக்கு முடியலை என்றால் எவள் நம்புவாள்?

ஒரு நாள் கிணற்றடியில் என் ஓரகத்தி, மூத்தவர் மனைவி, தண்ணீர் இறைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏண்டி, ஒனக்கு மேலுக்கு முடியலையா, இல்ல முடியாததே மேலுக்குத்தானா?" என்றார்.

ஒப்புக்குச் செய்வதையும் நாங்கள் மேலுக்குச் செய்வது என்றுதான் சொல்வோம். கிணற்றடியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேலி நன்றாகத்தான் இருந்தது, என்ன செய்வது. அறைக்குள் வந்த பிறகுதான் ஆத்திரம் வந்தது. அடிப்பாவி, ஒரே ஒரு காலை என் விரலை வாங்கி மாட்டிப் பாரேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

மாமியார் கேலி பேச மாட்டார். அவர் என் அடுப்படியில் புகை வருகிறதா என்று பார்ப்பார். நேரமாகிவிட்டால், இன்னைக்கும் ஒலை ஏறலையாக்கும் என்று யாரிடமோ சொல்கிற மாதிரி தூணிடம் சொல்வார். அதற்குப் பயந்தே நான் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, வெந்நீரில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெந்நீர் போட அடுப்பு மூட்ட வேண்டும், அடுப்பு மூட்டக் கை வேண்டும், கை வருவதற்கு வெந்நீர் வேண்டும். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

முடியாவிட்டால் என்னோடு வந்து சாப்பிடேன் என்று மாமியார் இரண்டொரு முறை கூப்பிட்டதும் உண்டு. நான் போகவில்லை. ஒரு வேளை வாங்கிச் சாப்பிட்டால் அது உதவி. தினம் வாங்கிச் சாப்பிட்டால், அப்புறம் இவளுக்கு அடுப்பு எதற்கு என்ற பேச்சு வரும். அடுப்பை ஒன்றாக்கிவிட்டால் அவ்வளவுதான். நானும் அவரும் பிள்ளையும் ஒரு குடும்பமாக இருக்க மாட்டோம், மாமியார் குடும்பத்தில் மூன்று வாயாக இருப்போம். அதற்குப் பயந்துதான் எல்லா வலியையும் விழுங்கினேன். வேறு ஒரு பெருமைக்காகவும் இல்லை.

மேல் மட்டுமா முடியாமல் போனது? விசேஷ வீடுகளில் மற்றப் பெண்கள் கழுத்து நகையைப் பார்ப்பார்கள், நான் கைகளைப் பார்ப்பேன். பூத்தொடுக்கிற கை, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிற கை, பேசிக்கொண்டே பிள்ளைக்குச் சடை பின்னுகிற கை. பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருக்கும். சில நாள் எதிலும் மனசு ஒட்டாது. என் பிள்ளை என் பக்கத்தில் அழுவது பக்கத்து வீட்டில் யாரோ அழுகிற மாதிரி கேட்கும். சில நாள் ஒரு டம்ளர் கைநழுவி விழுந்ததற்காக வீடே நடுங்கக் கத்துவேன். மாமியார் தூணிடம், வரவர இவளுக்கு வாய் நீண்டுபோச்சு என்பார். வாய் ஒன்றுதான் எனக்கு வலிக்காமல் அசைந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் டாக்டர் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதினார். ஸ்டீராய்டு. முதல் சில வாரம் சொர்க்கம்தான். நானே என் கூந்தலை முடிந்துகொண்டேன். பிறகு அந்தச் சுகம் மெல்ல மெல்லக் குறைந்தது, முகம் மட்டும் உப்பிக்கொண்டே போனது. கன்னம் இரண்டும் பூரி மாதிரி ஆகிவிட்டன, கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது. உள்ளே எலும்பு முன்னைவிட மோசம். ஆனால் எங்கள் ஊரில் கன்னம் உப்பினால் சுகம், ஒட்டினால் நோய், இதுதானே கணக்கு. வந்தவர்கள் போனவர்கள் எல்லாம், அடேயப்பா, மேலு என்னமாத் தேறிருச்சு என்று என் தாடையைத் தொட்டுக் கண்ணேறு கழித்தார்கள். மாமியாருக்கு ஆனந்தம். அத்தனை வருஷத்தில் அவர் எனக்காகச் சந்தோஷப்பட்டதை அப்போதுதான் பார்த்தேன். இல்லை அயித்தை, இது மாத்திரை வீக்கம் என்று சொன்னேன். போடி, நல்லதை நல்லதுன்னு சொல்லப் பழகு என்றார்.

அந்த வருஷம் பொங்கல் வந்தது. எங்கள் வீட்டில் பொங்கலன்று வாசலில் குடும்பத்துக்கு ஒரு அடுப்பு, ஒரு பானை. மாமியார் பானை, ஓரகத்தி பானை, என் பானை, வரிசையாக. முந்தைய வருஷங்களில் எனக்குச் சின்னப் பானைதான். அந்த வருஷம் மாமியாரே என் சீர்ச் சாமானில் இருந்த பெரிய வெண்கலப் பானையை எடுத்து, புளி போட்டுப் பளபளவென்று துலக்கி, மஞ்சள் கொத்து கட்டி என் அடுப்பில் வைத்தார். "இந்த வருசம் இதுல பொங்கு ஆத்தா. மேலுதான் தேறிருச்சே" என்றார். அவ்வளவு ஆசையாகச் சொன்னவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்ல? எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான், பொய் சொல்வானேன்.

பால் பொங்கியது. சங்கு ஊதினார்கள். பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லாம் சுற்றி நின்று பொங்கலோ பொங்கல் என்றார்கள். அரிசி வெந்து, வெல்லம் போட்டுக் கிண்டும் வரைக்கும் எப்படியோ தள்ளிவிட்டேன். பானையை இறக்க வேண்டும். மாமியார் இறக்கிவிட்டார், ஓரகத்தியும் இறக்கிவிட்டார். நான் துணியைச் சுற்றிப் பானையின் கழுத்தைப் பிடித்தேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த முழங்கால் பூட்டிக்கொண்டது. பானை ஒரு விரற்கடை எழும்பியதும் மணிக்கட்டில் இருந்த பிடி அப்படியே விட்டுப்போனது. பானை சாய்ந்து பொங்கல் வழிந்து நெருப்பில் சுர்ரென்றது. என் வீட்டுக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார், அத்தனை பெண்கள் நடுவில் வரத் தயங்கி நின்றார். எனக்கு எழவும் முடியவில்லை, பானையை விடவும் முடியவில்லை.

"அயித்தை, என்னால முடியலை" என்றேன்.

அதுநாள் வரைக்கும் மேலுக்கு முடியலை என்றுதான் சொல்லியிருந்தேன். மேல் வேறு, நான் வேறு என்று இருந்தேன். என்னால் என்று சொன்னது அன்றைக்குத்தான்.

மாமியார் ஓடிவந்து பானையை வாங்கி இறக்கினார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். காலை வெயில் நேராக விழுந்தது. புடைத்த முட்டிகள், ஒரு பக்கமாகச் சரிந்துபோன விரல்கள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. "இந்தக் கையை வச்சுக்கிட்டா ஆத்தா இத்தன வருசம் ஒலை வச்சே?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன். ஓவென்று அழுதேன். அவர் என்னைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, எல்லோரும் கேட்கச் சொன்னார்: இனிமேல் நீ அடுப்புப் பக்கமே போகக் கூடாது, உங்கள் மூன்று பேருக்கும் என்னோடுதான் சோறு. ஓரகத்தி மூக்கைச் சிந்திக்கொண்டு, அதான் சரி அயித்தை என்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன், ஏதோ சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம்பாத வரைக்கும் என் வீடு எனக்கு இருந்தது. நம்பினார்கள், போய்விட்டது.

அதற்குப் பிறகு என்னை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. மாமியார் கை வைத்தியம் எல்லாம் செய்தார், ராணி மாதிரி வைத்துக்கொண்டார். ஓய்வில் மேல் கொஞ்சம் தேவலைதான், அதையும் சொல்ல வேண்டும். என் பாத்திரங்கள் மாடிக்குப் போயின. என் அடுப்படியில் விறகு அடுக்கினார்கள். ஓரகத்தி என்னைக் கேலி செய்வதை அடியோடு விட்டுவிட்டார், எனக்கு அதுதான் முதலில் வலித்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே மாமியாரிடம், இப்ப எப்படி இருக்கா என்று கேட்டார்கள். சனிக்கிழமை அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் நேரே அவர் அம்மா அடுப்படிக்குப் போவார். இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா என்று மாமியார் கேட்பதைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவருக்குப் பிடித்தது என் புளி ரசம். அந்த வீட்டில் என்ன சமைக்கலாம் என்று ஒரு ஜீவன் என்னைக் கேட்டதில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு என் மகள் வந்தாள். பையைப் போட்டுவிட்டு, நான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டி, "அப்பத்தா, பசிக்குது" என்று உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பணியாரத்தோடு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதைத் தன் சின்ன விரலால் பிய்த்தாள். நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். "நீ வாங்க வேணாம் ஆத்தா, ஒனக்கு வலிக்கும்" என்று சொல்லி, என் வாய்க்கு நேரே கொண்டுவந்தாள்.

நான் வாயைத் திறந்தேன்.