கல்யாணத்தன்று மழை பெய்ததா?

எங்கள் வீட்டில் ஆத்தாவின் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. போட்டவர் அப்பா. அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ராமாபுரத்தில் ஆத்தா, அதாவது அப்பாவின் அம்மா, காலமாகிக் காரியமெல்லாம் முடிந்ததும், அப்பா தன் தகப்பனாரைத் தனியே விட மனமில்லாமல் மைசூரில் விஜயநகரிலிருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். அப்பாவைப் பெற்றவரை எங்கள் பக்கத்தில் அப்பாரு என்போம். வந்த அன்றே கூடத்திலிருந்த ஆத்தாவின் படம் பீரோவுக்குள் போயிற்று. டிவியில் சாவு வீடு வந்தால் அப்பா சேனலை மாற்றினார். நான் ஒருமுறை, "ஆத்தா சுடுற கச்சாயம்..." என்று ஆரம்பித்தபோது அம்மா என் தொடையில் கிள்ளினாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. காரணம் புரியாவிட்டாலும் சட்டம் புரிந்தது.

ஊரில் அப்பாரு பெரிய சத்தக்காரர். மக்காச்சோள வியாபாரியிடம் அவர் பேரம் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு இருந்தது ஒரே வார்த்தை, "சரிம்மா." சாம்பாரில் உப்பில்லாவிட்டாலும் சரிம்மா, வெந்நீர் ஆறிப்போனாலும் சரிம்மா. எவ்வளவு சாதுவான மனுஷர் என்று பக்கத்து வீட்டு அம்மாள் மெச்சிக்கொண்டாள். சாது மெல்ல மெல்லச் சாப்பாட்டைக் குறைத்தார். சொன்னால்தான் குளித்தார். கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒருநாள் அம்மா காபி கொண்டுபோனபோது, பால் வந்துவிட்டதா என்று கேட்பதுபோல், "நான் இருந்து இனி என்னம்மா பண்ணப்போறேன்?" என்று கேட்டார். அம்மா டம்ளரை வைத்துவிட்டு அப்படியே அப்பாவுக்கு போன் செய்தாள்.

மறுநாள் அப்பா லீவு போட்டார். சர்க்கரை பார்க்கப் போகிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, அப்பாரை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். எனக்குப் பள்ளி விடுமுறை என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டரம்மா அப்பாரிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அப்பாவே கன்னடத்தில் பதில் சொன்னார். கடைசியில் எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் தனியாகப் பேசினார். பிறகு அப்பாரை வெளியே உட்கார வைத்து எங்களை அழைத்தார். வீட்டில் அவர் மனைவியைப் பற்றி அவரோடு யார் பேசுகிறீர்கள் என்று கேட்டார்.

"யாருமே பேசறதில்ல மேடம். ரொம்ப ஜாக்கிரதையா இருக்கோம்" என்றார் அப்பா. பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர்போல் இருந்தது அவர் முகம். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் மாத்திரை எழுதினார். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

அன்றிரவு அப்பா மொட்டைமாடியில் நின்று ராமாபுரத்துக்கு வெகுநேரம் போன் பேசினார். அடுத்த வாரமே ராமாபுரம் தாத்தா வந்து இறங்கினார். அவர் ஆத்தாவின் தம்பி. அவருக்கும் அப்பாருக்கும் என்றைக்குமே ஆகாது. விசேஷ வீடுகளில் இவரை இந்தப் பந்தியிலும் அவரை அடுத்த பந்தியிலும் உட்கார வைப்பார்கள். கண் ஆஸ்பத்திரிக்கு வந்ததாகச் சொன்னார். கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தார். ஒருநாள் இடது கண் வலித்தது, மறுநாள் வலது கண். பேப்பரில் பொடி எழுத்தையெல்லாம் படிக்கிறாரே என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் கையில் ஒரு மைசூர்பாக்கைக் கொடுத்து விளையாடப் போகச் சொன்னாள்.

அவர் எங்கள் சட்டத்தைச் சட்டை செய்யவில்லை. எடுத்ததற்கெல்லாம் எங்கக்கா, எங்கக்கா என்றார். அப்பாரு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் அம்மா மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"உங்க கல்யாணத்தன்னைக்கு என்னா மழைங்க மாமா" என்றார் ராமாபுரம் தாத்தா. "பந்தல் ஒழுகி எங்கக்கா சீலையெல்லாம் நனைஞ்சுபோச்சு."

"மழை இல்ல" என்றார் அப்பாரு, சுவரைப் பார்த்தபடியே.

"மழைதானுங்க. நாந்தானே குடை புடிச்சேன்."

"நீ காய்ச்சல்ல படுத்துக் கெடந்த. மழை மொதநாளே விட்டுருச்சு. பொம்பளைங்க மஞ்சத்தண்ணி ஊத்தி வெளையாண்டதுல நனைஞ்சது."

"தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. உங்களுக்கு என்ன தெரியும்?"

அப்பாரு எழுந்து நின்றுவிட்டார். "எனக்குத் தெரியாதா? பக்கத்துல உக்காந்தவன் நான்டா. குளுருல நடுங்குனா. என் துண்டக் குடுத்தேன். வேண்டாம்னு தலையாட்டுனா. அப்பறம் வாங்கிக்கிட்டா." தோளிலிருந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார். "வாங்கிக்கிட்டாடா மாப்ள" என்றார் மறுபடியும். அப்படியே உட்கார்ந்து அழுதார். வயதான ஒருவர் அப்படிச் சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்லை. வம்பை ஆரம்பித்தவர் சமாதானமும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதார்.

அம்மாவின் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டேன். "ராமாபுரம் தாத்தா ஆத்தாவப் பத்திப் பேசிட்டாருப்பா. அப்பாரு அழறாரு. ராமாபுரம் தாத்தாவ ஊருக்கு அனுப்பிடுங்க."

அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நல்லா அழறாரா கண்ணு?" என்று கேட்டார்.

"சத்தமா அழறாரு."

"அழட்டும். நீ போய்ப் பக்கத்துல உக்காந்துக்கோ."

அப்பாரு ஒரே நாளில் பழைய மனிதராகிவிடவில்லை. மாத்திரையும் டாக்டரம்மாவும் வெகுநாள் தொடர்ந்தார்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்த நாட்கள் பிறகும் இருந்தன. ஆனால் அன்றிரவு ரசத்தில் உப்பு போதவில்லை என்றார். கண் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் தசரா முடிந்தும் ஊருக்குப் போகவில்லை.

ஒரு சாயங்காலம் வாசலுக்குப் போனேன். ஆபீசிலிருந்து வந்த அப்பா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே கிழவர்கள் இருவரும் அந்த மழையைப் பற்றித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள வாங்கப்பா. வந்து ரெண்டு பேரையும் நிறுத்தச் சொல்லுங்க" என்றேன்.

"இரு கண்ணு, இன்னும் கொஞ்ச நேரம்" என்றார்.

பெற்ற தகப்பனோடு ஒருவர் இப்படிச் சண்டை போடும்போது விலக்கிவிடாமல் வெளியே நின்று ரசித்துக் கேட்கிறாரே என்று எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது.