கையை நீட்டும்

பிற்பகல் மூன்று இருபது. ஊர்காவற்றுறையில், பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்குமான எங்கள் நிலையத்தின் பின்மண்டபம். வெள்ளைப் பலகையில் ஒன்று என்ற இலக்கத்தை மட்டும் எழுதிவிட்டு, நீல மார்க்கரைக் கையில் பிடித்தபடி இணைப்பாளர் அக்கா நின்றிருந்தார். வரும் மூன்று ஆண்டுகளில் எதை முதலில் செய்வது என்று காலையிலிருந்து வாக்குவாதம். பேச்சுப் பயிற்சிக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்றார் அக்கா. கணினி அறை என்றார், கனடாவிலிருந்து திரையில் தெரிந்த ஊர்ப் பெரியவர். பெற்றோர் சார்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். என் தொலைபேசி அடித்தது.

"மச்சாள், பஸ் வந்திட்டுப் போட்டுது. தம்பி இறங்கேல்லை." புளியங்கூடலில் எனக்குப் பதிலாகக் காத்து நின்ற என் கணவரின் தங்கை.

வீட்டில் எல்லோருக்கும் தம்பியான என் மகனுக்கு அப்போது ஏழு வயது. பேச்சு வரவில்லை, பெயர் கேட்டால் சிரிப்பான். நிலையம் விட்டதும், பஸ்ஸுக்கு நிற்கும் யாராவது தெரிந்த முகத்திடம் பிள்ளையை ஒப்படைப்பதுதான் எங்கள் தீவு வழக்கம். "ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றால் போதும். நாங்களெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம். அன்று நான் கூட்டத்தில் இருக்க, அவனை வாங்கிக்கொண்ட பெண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வர, இன்னொருத்தியிடம் விட்டாள். அவளோ பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்த ஊரவர்களைக் காட்டி, "அவையோட ஏறு ராசா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். எல்லோரும் நல்லவர்கள்தான். கடைசியில் அவன் யார் கையிலும் இல்லை.

கூட்டம் கலைந்தது. எல்லோரும் பஸ் போன வழியே ஓடினார்கள். நான் இருந்த இடத்திலேயே தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருந்தேன். அக்கா மட்டும் குனிந்து என்னிடம் கேட்டார்: "பிள்ளைக்கு என்ன விருப்பம்? யோசிச்சுச் சொல்லும்."

"கடல்" என்றேன். மார்க்கரை வைக்கவும் மறந்து இறங்குதுறைப் பக்கம் ஓடினார்.

இப்போது மகன் என்னைவிட உயரம். அக்கா வெளிநாட்டில், தன் மகளோடு. நிலையத்தில் மறுபடியும் முன்னுரிமைக் கூட்டம். பிள்ளைகளை வீடுவரை கூட்டிப்போய்க் கையில் ஒப்படைக்க வைத்திருக்கும் ஆளை நிறுத்தினால் வேறு வேலைகள் நடக்கும் என்கிறார்கள். "பிள்ளையென்ன பார்சலே, கையில குடுக்க?" என்று ஒருவர் பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, பழைய கதையைத் திரும்பவும் சொன்னேன். எத்தனை தரம் சொல்வது? அலுத்துவிட்டது. ஆனாலும் பஸ் வரும் நேரமானால் இன்றும் வாசலுக்குப் போய் நிற்கிறேன்.

அன்று நான் எப்படியோ துறைக்கு வந்துவிட்டேன். காரைநகருக்கும் எங்களுக்கும் இடையே ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிப்போகும் மிதவையைப் பாதை என்போம். அதில்தான் ஏறி அக்கரை போயிருக்கிறான். கூட வந்தவர்கள் ஒவ்வொருவரும், பக்கத்தில் நின்றவரின் பிள்ளை என்றே நினைத்தார்களாம்.

வெயில் சாயும் வேளையில் பாதை திரும்பி வந்தது. முதலில் இறங்கியவர் அக்கா. சேலைக் கரை நனைந்திருந்தது. தம்பியின் ஒரு கை அவர் பிடியில். மறுகையில் அந்த நீல மார்க்கர். சட்டையெல்லாம் நீலக் கோடுகள். அழுதபடி பாய்ந்த என்னை அக்கா தடுத்தார்.

"பொறும். முதல்ல கையை நீட்டும். இனி ஒவ்வொரு பிள்ளையையும் தாயின்ர கையிலதான் குடுப்பம். ஒண்டாவதா அதை எழுதுவம்."