மூன்றாவது பேண்ட்

எனக்கு முன்னால் அவருக்கு லைசென்ஸ் வந்ததை இன்றுவரை என்னால் ஒழுங்காக ஜீரணிக்க முடியவில்லை. நல்லம்பள்ளியில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவன் நான். கரண்ட் என் சோறு. அவரோ பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். சாலிடரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்குக் கற்றுக் கொடுத்ததே நான்தான். முதல் நாள் சூடான பக்கத்தைத் தொட்டுவிட்டு "ஆத்தாடி" என்று கத்தியவர் அவர்.

ஹாம் ரேடியோ பைத்தியம் எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான் பிடித்தது. தேர்வு எழுதி, லைசென்ஸ் வாங்கி, நமக்கென்று கால் சைன் என்கிற அடையாளப் பெயர் ஒன்றைப் பெற்று, டவரும் சிம் கார்டும் இல்லாமல் ஊர் ஊராகப் பேசலாம் என்று அவர் எங்கோ படித்துவிட்டு வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். தினமும் சாயங்காலம் பள்ளி விட்டதும் வருவார். எதிர்க்கடையில் இருந்து இரண்டு டீ வரும். நான் ஓம் விதியைச் சொல்லிக் கொடுப்பேன், அவர் விதிமுறைப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவார். மொரப்பூரில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய் ஒரே அறையில் தேர்வு எழுதினோம். இருவரும் பாஸ்.

அதற்குப் பிறகுதான் கோளாறு. லைசென்சுக்கு முன் போலீஸ் விசாரணை உண்டு. என் ஆதாரில் மொரப்பூர் பழைய விலாசம், விண்ணப்பத்தில் நல்லம்பள்ளி விலாசம். என் காகிதம் அங்கும் இங்கும் அலைந்தது. அவருடையது வழுக்கிக்கொண்டு போனது. ஒரு நாள் சாயங்காலம் போனை நீட்டி, "அண்ணா, வந்துடுச்சுங்க" என்றார். வி.யூ.3 என்று தொடங்கும் கால் சைன். நான் கையைக் குலுக்கி, இரண்டு டீயோடு மிக்சரும் சொன்னேன். வயிறு எரிந்தது. மிக்சரைக் கூட மெல்ல முடியவில்லை.

அடுத்த மாதம் கையடக்க ரேடியோ ஒன்று வாங்கினார். இரண்டு பேண்ட், அதாவது பேச அனுமதி உள்ள இரண்டு அலைவரிசைப் பட்டைகள். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஒன்று, 434 முதல் 438 வரை மற்றொன்று. காலை ஏழு மணிக்குச் சேலம், ஏற்காடு பக்கத்து ஆட்கள் வரிசையாக வந்து கால் சைன் சொல்லி வணக்கம் வைப்பார்கள். அதில் இவர் குரலும் சேர்ந்தது. நான் மட்டும் விட்டுப் போய்விடக் கூடாதென்று, கம்ப்யூட்டரில் செருகினால் கேட்க மட்டும் முடிகிற சின்ன ரிசீவர் ஒன்றைத் தன் கைக்காசில் வாங்கிக் கொடுத்தார். "லைசென்ஸ் வர்ற வரைக்கும் கேளுங்கண்ணா. காது பழகிடும்" என்றார். நல்ல மனுஷன். அதுதான் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த ரிசீவரில் தினமும் காலையில் அவர் குரலைக் கேட்டேன். செந்தமிழில் வணக்கம் சொல்லுவார். ஏற்காட்டில் ஒருவர், "சார் வந்தாத்தான் களை கட்டுது" என்றார். தேய்த்த பல்லோடு பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை என் லைசென்சும் வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன்.

"சாருக்குப் போன் போட்டுச் சொல்லலீங்களா?" என்றாள்.

"சொல்லலாம் இரு. மொதல்ல செட்டு வரட்டும்."

அவரை விடப் பெரிதாக ஒன்று வாங்கி, வத்தல்மலை உச்சியில் நின்று, அவர் இதுவரை தொடாத ஊரைத் தொட்டுப் பேசி, அதை அவர் தம் வீட்டிலிருந்து கேட்க வேண்டும். அதுதான் திட்டம். நான்கு நாள் ராத்திரியும் பகலும் செட்டுகளைப் பார்த்தேன். பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், மழையில் நனைந்தால் தாங்குமா, கூட வருகிற குட்டை ஆன்டெனாவைக் கழற்றி நீளமானது மாட்ட முடியுமா என்று பார்க்க வேண்டியவன், பேண்ட் எத்தனை என்று மட்டும் எண்ணினேன். அவரிடம் இரண்டு. மூன்று இருப்பது ஒன்று கிடைத்தது. கடைக்காரர் லைசென்ஸ் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு அனுப்பி வைத்தார். பார்சலைப் பிரித்து, செட்டைக் கையில் எடுத்து, விதிமுறைப் புத்தகத்தைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, அந்த மூன்றாவது பேண்டான 220 நம் நாட்டு ஹாம்களுக்குக் கிடையாது. அது வேறு தேசத்துக்காரர்களுக்கு. வாத்தியார் இதை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டியிருந்தார். அப்போது நான் அவர் வாசிக்கிற அழகைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேனே தவிர, காதில் வாங்கவில்லை.

ஒழுங்காக உட்கார்ந்து, நமக்குள்ள எல்லைக்கு வெளியே பட்டனை அழுத்தினாலும் அலை போகாதபடி செட்டில் பூட்டுப் போட்டேன். தெரியாமல் கை பட்டுப் போலீஸ்காரர்கள், வனத்துறைக்காரர்கள் பேசுகிற இடத்தில் நுழைந்துவிட்டால் லைசென்ஸ் போய்விடும். சட்டத்தில் நான் சுத்தம். அதைச் சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது.

செட்டு வந்த வாரத்துச் சனிக்கிழமை வாத்தியார் சித்தேரி மலைப் பள்ளிக்குப் போயிருந்தார். அங்கே பிள்ளைகளுக்கு ரேடியோவைப் பற்றிச் சொல்ல அழைத்திருந்தார்கள். பதினோரு மணிக்கு மலையிலிருந்து கூப்பிடுவார், சேலத்தில் ஒரு டாக்டர் பதில் சொல்வார் என்று ஏற்பாடு. முதல் நாளே என்னிடம் அலைவரிசையைச் சொல்லி, "கேளுங்கண்ணா, மலை மேல இருந்து உங்க வூடு வரைக்கும் எட்டும்" என்றார். மறுநாள் ஞாயிறு நான் வத்தல்மலை ஏறுவதாக இருந்தேன்.

புதுச் செட்டோடு மொட்டை மாடிக்குப் போனேன். பதினோரு மணிக்குச் சரியாக அவர் குரல் வந்தது. பக்கத்தில் நின்று பேசுவது போல் அவ்வளவு தெளிவு. கால் சைன் சொல்லி, யாராவது கேட்கிறீர்களா என்று கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். டாக்டரைக் காணோம். ஆஸ்பத்திரியில் அவசரமாம், பிறகு தெரிந்தது. மூன்றாவது தடவை கூப்பிடும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

என் கட்டைவிரல் பட்டன் மேல் இருந்தது. அழுத்தி என் கால் சைனைச் சொன்னால் போதும். மலைப் பிள்ளைகள் கைதட்டியிருப்பார்கள். நான் அழுத்தவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு நின்றேன். கூப்பிடட்டும், நன்றாகக் கூப்பிடட்டும் என்று நினைத்தேன்.

நான்காவது தடவை கூப்பிட்டு முடித்தவர் பட்டனிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. ஒரு சிறுமி, "யாருமே இல்லீங்களா சார்?" என்றாள்.

"இருக்காங்கம்மா" என்றார் அவர். "நல்லம்பள்ளியில எங்கண்ணன் ஒருத்தரு இதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. அவருதான் எனக்கு இந்தத் தொழிலையே கத்துக் குடுத்தவரு."

"அப்பறம் ஏன் சார் பேசல?"

"அவருக்கு இன்னும் லைசென்ஸ் வரலம்மா. லைசென்ஸ் இல்லாம பேசக் கூடாது. நான் எவ்வளவு கஷ்டப்படுறேன்னு தெரிஞ்சும் பேசாம இருக்காரு பாருங்க, அதுதான் ஒழுக்கம். நீங்களும் அப்படி இருக்கணும்."

அதோடு சத்தம் நின்றது. விரலை எடுத்துவிட்டார். இப்போதாவது அழுத்தலாம் என்று தோன்றியது. அழுத்தினால் நான் இத்தனை நேரம் ஏன் சும்மா இருந்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். செட்டை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். வீட்டுக்காரி, "பேசினீங்களா?" என்று கேட்டாள். சிக்னல் வரவில்லை என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வத்தல்மலைக்குப் போகவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் அவர் கடைக்கு வந்தபோது, பிரின்ட் எடுத்து வைத்திருந்த லைசென்சை எடுத்து நீட்டினேன். முகமெல்லாம் மலர்ந்து வாங்கினார். தமிழ் வாத்தியார், எந்தக் காகிதத்தையும் தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கிறவர். படித்துக்கொண்டே வந்த கண் ஓர் இடத்தில் நின்றது. தேதி அங்கேதான் இருந்தது. அலமாரியில் என் செட்டும் இருந்தது. அதையும் பார்த்தார்.

"ரொம்பச் சந்தோஷங்க" என்றார். காகிதத்தை மடித்துக் கொடுத்தார். "சித்தேரிப் பசங்ககிட்டச் சொல்லணும். உங்களுக்கு எப்ப லைசென்ஸ் வரும்னு அந்தப் புள்ள கெளம்பற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எப்ப வந்துச்சுன்னு சொல்லட்டும்?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபமாக ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் நிஜமாகவே பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

"சனிக்கிழமைக்கு முன்னாடியே வந்துடுச்சு சார்" என்றேன். "கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

தலையை ஆட்டினார். எதிர்க்கடையில் இருந்து டீ வந்தது. பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு நானும் வருகிறேன். கால் சைன் சொல்கிறேன். அவர் தன் கால் சைன் சொல்லி, வணக்கம் வைத்து, சிக்னல் தெளிவாக இருக்கிறது என்கிறார். ஒரு நாளும் பதில் சொல்லாமல் விட்டதில்லை. விதிப்படி அவ்வளவு சொன்னால் போதும். அண்ணா என்று மட்டும் அவர் கூப்பிடுவதில்லை.