கலைமணியின் அளவு தப்பாது

சிதம்பரம் கீழவீதியில் வளையல் கடை வைத்திருக்கும் கலைமணிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கைக்கணக்கு சுத்தம். ஒரு பெண்ணின் கையைப் பிடித்து விரல்களைக் குவித்து லேசாக அமுக்கினாலே போதும், "ரெண்டு நாலு" என்றோ "ரெண்டு ஆறு" என்றோ வளையல் அளவைச் சொல்லிவிடுவாள். எதற்கும் ஒன்று போட்டுப் பார்க்கலாமே என்று யாராவது கேட்டால் அன்றைக்கு அவர்களுக்குக் காது கிழிந்துவிடும். இருபத்திரண்டு வருடத்தில் தன் அளவு ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்று ஊரெல்லாம் அவளே சொல்லிக்கொண்டு திரிந்தாள். வேறு யாரும் சொல்லவில்லையே, பாவம்!

கிள்ளையில் மீன் விற்கும் தனக்கோடி தன் மருமகள் தமிழினியை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். ஒன்பதாம் மாதம், வளைகாப்பு. கலைமணி கையைப் பிடித்தாள். "ரெண்டு நாலு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஒன்பது நாள் கழித்துக் கிள்ளையில் பந்தல், மைக் செட், ஏழு வகைச் சோறு. தமிழினிக்கு வளையல் போட உட்கார்ந்தாள் கலைமணி. முதல் கண்ணாடி வளையல் கட்டைவிரல் முட்டியோடு நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். பட்டென்று உடைந்தது.

தனக்கோடியின் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது.

"என்னா கலைமணி, அளவு தப்பிப்போச்சா? இருவத்திரண்டு வருசம்னு பெருசா பேசுவியே!"

எல்லாரும் சிரித்தார்கள். பையில் பெரிய அளவு வளையல்கள் இருந்தன. எடுத்துப் போட்டுவிட்டு, "ஆமாங்கா, தப்பிப்போச்சு" என்று அவளும் சிரித்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கலைமணிக்கு அந்த வார்த்தை வாயில் வராது. அவள் தமிழினியின் புறங்கையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். அமுக்கிய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது.

"கண்ணு, தலை வலிக்குதா?"

"ரெண்டு நாளா வலிக்குதுக்கா. கண்ணுகூட மங்கலா இருக்கு."

"செக்கப்புக்குப் போனியா?"

"போன வாரம் போவணும். விசேச வேலையில போவல."

கலைமணிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கடைக்கு வரும் நர்ஸ் வினோதினி ஒருமுறை சொல்லியிருந்தாள்: மாசமாக இருக்கும்போது கால் வீங்குவது சகஜம், கையும் முகமும் திடீரென்று வீங்கி, தலையும் வலித்தால் பிரஷர் ஏறியிருக்கும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

"என் அளவு தப்பல. ஒம்போது நாள்ல ரெண்டு சைஸ் ஏறிருக்கு இந்தக் கை. நலங்கு அப்புறம் ஆவட்டும், ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

"பாதியில எழுந்திரிக்கிறதா? உன் தப்ப மறைக்க என் மருமவள நோயாளி ஆக்குறியா?" தனக்கோடி குதித்தாள்.

"திட்டறத ஆட்டோல வந்து திட்டுக்கா!"

தமிழினியின் கணவன் வினோத்குமார் அம்மாவைப் பார்த்தான், மனைவியின் முகத்தைப் பார்த்தான், ஓடிப்போய் ஆட்டோவைக் கொண்டுவந்தான். சிதம்பரம் வரை தனக்கோடி வாய் ஓயவில்லை. வழக்கமாக ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுக்கும் கலைமணி வாயே திறக்கவில்லை. இந்த ஒருமுறை மட்டும் என் அளவு தப்பாக இருக்கட்டும் சாமி என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஊரே சிரித்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியில் பிரஷர் நூற்று எழுபது காட்டியது. இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. உடனே ஊசி, மாத்திரை, படுக்கை. தனக்கோடியின் வாய் அப்போதுதான் மூடியது. கலைமணி வராந்தாவில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

பத்து நாள் கண்காணிப்பில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். ரெண்டு கிலோதான், ஆனால் அழுகைச் சத்தம் வார்டையே தூக்கியது. "உன் மாமியா தொண்டை அப்படியே வந்திருக்கு" என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். தமிழினியால் சிரிக்க முடியவில்லை, தையல் வலித்தது, இருந்தும் சிரித்தாள்.

பார்க்க வந்த கலைமணியின் மடியில் தனக்கோடி குழந்தையைக் கிடத்தினாள். "அன்னைக்கி நீ தப்பிப்போச்சுன்னு ஒரு வார்த்த ஒத்துக்கிட்டிருந்தா, நானும் சிரிச்சிட்டு சோறு போட்டிருப்பேன். இதுங்க ரெண்டும் எனக்கு இல்லாமப் போயிருக்கும்" என்றாள்.

கலைமணி குழந்தையின் குட்டி விரல்களைத் தன் விரலில் சுற்றிக்கொண்டாள்.

"தப்ப நான் எப்பக்கா ஒத்துக்கிட்டேன்? என் புருசனே முப்பது வருசமாக் கேட்டுப் பார்த்துட்டாரு."