பாயோடு பஸ் ஏறினேன்

சுருட்டிய பாயோடு இன்று உரும்பிராய் மினிபஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்தில் மீன் நிறைந்த ஓலைக் கடகத்தோடு இருந்த குருநகர் அக்கா பதறிப்போனார். “என்ன பிள்ளை, உங்கடை பக்கமும் ஷெல் விழுந்திட்டுதோ? எங்கை ஓடுறியள்?”

“இல்லையக்கா, நடன வகுப்புக்குப் போறன்.”

“படுத்துக்கிடந்தோ ஆடுறனீங்கள்?”

பஸ் முழுக்கச் சிரித்தது. உண்மையில் படுத்துத்தான் தொடங்குகிறோம். முழங்காலை மடக்கி அரைமண்டியில் முதுகு கூனாமல் நிற்க வயிற்றில் பலம் வேண்டும். அதற்காகப் பாயில் மல்லாந்து, இரண்டு கால்களையும் மெல்ல உயர்த்தி இறக்குவோம். இருபது பேர் இருந்த வகுப்பில் இப்போது ஐந்து பேர்தான் மிச்சம்.

முன் இருக்கையில் இருந்த ஐயா திரும்பினார். “சனம் சாகுது, உவைக்கு ஆட்டம் கேக்குது. பாயைப் பத்திரமாய் வை பிள்ளை, ஓடேக்கை உதவும்.”

பெரியவர்களுக்கு எதிராக வாய் திறக்காதவள் நான். இன்று திறந்தேன்.

“ஓடுறதுக்கு வீட்டிலை வேறை பாய் கட்டி வைச்சிருக்கு ஐயா. இது நிமிர்ந்து நிக்கிறதுக்கு.”

அக்கா கடகத்தைத் தள்ளி வைத்து, என் பாய்க்கு இடம் விட்டார்.

நாளையும் கொண்டு போவேன். இன்னும் சிரிக்க விரும்புகிறவர்கள் அதே பஸ்ஸுக்கு வரலாம்.