நென்சியோவின் கீழுதடு

கீழுதட்டை வெண்கலத் தோளில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே போகிறான் நென்சியோ. கண்கள் மூடியிருக்கின்றன. முப்பது வருடம் அரமும் உளியும் பிடித்த விரல்கள் காய்த்துப்போய்விட்டன. மயிரிழை மேடு பள்ளம் அவற்றுக்குப் பிடிபடாது. உதட்டுக்குப் பிடிபடும்.

"ஊர்ல இருக்குற வெண்கலப் பொம்பளைக்கெல்லாம் முத்தம். வீட்ல இருக்குறவளுக்கு அரத்தூளு!" சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் மனைவி லெஸாந்திரா இப்படித்தான் சீண்டுவாள்.

மெழுகில் உருவம் வடிப்பது பெரிய சிற்பியின் வேலை. வார்ப்பிலிருந்து கரடுமுரடாக வெளிவருவதைப் பெண்ணாக்குவது நென்சியோ. அதில் தன்னை அடித்துக்கொள்ள ஃப்ளாரன்ஸில் ஆளில்லை என்று அவனே சொல்வான். பொய்யுமில்லை.

போன வாரம் வந்தவள் ஒரு கடல்தேவதை. முழ உயரம். ஒற்றைக் கால் பெருவிரலில் நிற்கிறாள். முழங்கால் ஒரு பக்கம், இடுப்பு மறுபக்கம், முகம் தன் முதுகுக்குப் பின்னால் எதையோ தேடுகிறது. வார்ப்பில் காற்று புகுந்து தோள்பட்டைக்குக் கீழே பட்டாணி அளவுக்குப் பள்ளம். இன்று தேவாலயத்தில் மாலை மணி அடிப்பதற்குள் சிலை கல்யாண வீட்டுக்கு வராவிட்டால் இனி இந்தப் பட்டறைக்கு வேலையே இல்லை என்று பிரபு வீட்டுக் காரியக்காரர் வந்து நின்றுவிட்டார்.

"சுவர் மாடத்துலதானப்பா வைக்கப்போறோம். முதுகை எவன் பாக்கப்போறான்? மெழுகை அப்பிக் குடு."

"இவளுக்கு முன்னாடி பின்னாடியெல்லாம் கெடையாதுங்க. நீங்களே பாருங்க."

சிலை நின்ற சுழல்பலகையை ஒரு தள்ளு தள்ளினான். இடுப்பைத் தொடர்ந்த காரியக்காரரின் கண் முதுகுக்குப் போய், தோளேறும் வழியில் அந்தப் பள்ளத்தில் இடறியது.

"சரி சரி, சட்டுன்னு முடி."

பள்ளத்தைச் சதுரமாக வெட்டி, அதே வெண்கலத்தில் ஒரு துண்டைச் செதுக்கி, அடித்து இறக்கி, அராவி, மெருகேற்றினான். உதட்டை வைத்தான். எரிந்தது. உலைச்சூட்டில் உதடு வெடித்திருந்தது. இன்று அதன் பேச்சை நம்பிச் சிலையைக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அந்த நேரம் மனைவி சாப்பாட்டோடு உள்ளே வந்தாள்.

"லெஸாந்திரா, இங்க வா. நீ பாத்துச் சொல்லு."

சாப்பாட்டுச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த துணியில் வாயைத் துடைத்துக்கொண்டு அவள் குனிந்தாள். பிடரியிலிருந்து இடுப்பு வரை உதடு இறங்கியது. மறுபடியும் ஏறியது. எங்கும் நிற்கவில்லை. மாலை மணி அடிக்கத் தொடங்கியது.

"எந்த எடத்துலய்யா அடைச்ச?" என்றாள் நிமிர்ந்து.

காரியக்காரர் பார்த்துக்கொண்டு நிற்க, நென்சியோ அரத்தூள் ஒட்டிய வாயால் மனைவிக்கு ஒரு முத்தம் கொடுத்தான்.